தணிவாக, மெதுவாக

2019 டிசம்பர் 6ஆம் தேதி அமெரிக்காவின் டென் பப்ளிஷிங் நிறுவனம், தான் அச்சிட்டுவந்த 22 வாகன இதழ்களில் 19ஐ ஒரே அறிவிப்பில் நிறுத்தியது. மோட்டார் ட்ரெண்ட், ஹாட் ராட், ஃபோர் வீலர் ஆகிய மூன்று மட்டும் பிழைத்தன. 1953இல் தொடங்கிய கார் கிராஃப்ட் போனது. டேவிட் ஈ. டேவிஸ் 1986இல் தொடங்கி, நல்ல உரைநடைக்காகவே பலர் வாங்கிப் படித்த ஆட்டோமொபைல் போனது. ஆனால் அந்தப் பட்டியலில் என் கண் போய் நிற்பது லோரைடர் என்ற பெயரில்தான். மற்ற இதழ்கள் கார்களைப் பற்றிப் பேசின. லோரைடர் ஒரு காரை முன்னே நிறுத்திவைத்து, அதற்குப் பின்னால் நின்ற மக்களைப் பற்றிப் பேசியது. அது நின்றதைக் காகிதச் செலவுக் கணக்காக மட்டும் பார்க்க என்னால் முடியவில்லை. அதே சமயம், அந்த இதழ் செய்ததெல்லாம் சரி என்று சொல்லவும் முடியாது.

முதலில், லோரைடர் என்றே அழைக்கப்படும் அந்தக் கார்கள். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு கலிஃபோர்னியாவின் வெள்ளைக்கார இளைஞர்கள் பழைய ஃபோர்டுகளை வேகத்துக்காகச் செதுக்கிக்கொண்டிருந்தார்கள். அதே ஊர்களில் வாழ்ந்த மெக்சிகோ வம்சாவளி இளைஞர்கள் செகண்ட் ஹேண்டில் வாங்கிய ஷெவர்லேக்களை நேர் எதிர்த் திசையில் கொண்டுபோனார்கள். ஸ்பிரிங்கை வெட்டினார்கள், டிக்கியில் மணல் மூட்டை ஏற்றினார்கள். கார் தரையை உரசுகிற அளவுக்குத் தணிய வேண்டும், நடக்கிற வேகத்தில் ஊர்ந்து போக வேண்டும், தெருவில் நிற்பவர்கள் எல்லாரும் பார்க்க வேண்டும். வேகமாகப் போய்விட்டால் யார் பார்ப்பார்கள்?

1958இல் கலிஃபோர்னியா ஒரு சட்டம் போட்டது: சக்கர ரிம்மின் அடிவிளிம்புக்குக் கீழே காரின் எந்தப் பாகமும் இறங்கியிருக்கக் கூடாது. சட்டம் எல்லாருக்கும் பொது என்றாலும் யாருடைய கார்கள் அப்படித் தணிந்திருந்தன என்பது போலீஸுக்குத் தெரியும். மறு ஆண்டே ரான் அகீரே என்ற இளைஞர் தன் கார்வெட்டில் ஹைட்ராலிக் பம்புகளைப் பொருத்தினார். விமானங்களுக்காகச் செய்யப்பட்டு, போருக்குப் பின் உபரியாக விற்கப்பட்ட உதிரிபாகங்கள் இந்தக் கார்களுக்குள் புகுந்த காலம் அது. போலீஸ் வண்டி கண்ணில் பட்டால் ஒரு விசையைத் தட்டினால் போதும், கார் சட்டப்படியான உயரத்துக்கு எழும்பும். அது கடந்து போனதும் மறுபடி இறங்கும். பின்னாளில் உலகமே வேடிக்கை பார்த்த அந்தத் துள்ளும் ஷெவர்லே இம்பாலாக்களின் தொழில்நுட்பம், அபராதச் சீட்டிலிருந்து தப்பிக்கக் கண்டுபிடித்த வழியில் தொடங்கியது.

1970களில் சான் ஹோசேயின் கிங் சாலையும் ஸ்டோரி சாலையும் சந்திக்கும் இடத்திலும், கிழக்கு லாஸ் ஏஞ்சலிஸின் விட்டியர் புலேவார்டிலும் வார இறுதி இரவுகளில் இந்தக் கார்கள் வரிசை கட்டி ஊர்ந்தன. நாளேடுகளில் அவை பெரும்பாலும் போலீஸ் செய்தியாகவே வந்தன. தணிந்த கார் என்றால் ரவுடிக் கும்பல் என்று பொருள். அந்தச் சூழலில்தான் 1977 ஜனவரியில் சான் ஹோசே அரசுப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சன்னி மாட்ரிட், லாரி கொன்சாலஸ், டேவிட் நூன்யெஸ் ஆகிய மூவரும் லோரைடர் இதழைத் தொடங்கினார்கள். சீசர் சாவேஸின் பண்ணைத் தொழிலாளர் இயக்கமும், சிகானோ எனப்படும் மெக்சிகோ வம்சாவளி அமெரிக்கர்களின் மாணவர் இயக்கமும் கொடுத்த துணிச்சல் அதில் இருந்தது. பெரிய விநியோகஸ்தர் யாரும் கிடைக்காத நிலையில், கார்கள் கூடும் இடங்களுக்கே இதழைத் தூக்கிக்கொண்டு போய் விற்றார்கள். ஆங்கிலத்தின் நடுவே தெரு ஸ்பானிஷ் கலந்த மொழியிலேயே எழுதினார்கள். யாருக்காகவும் அதைச் செப்பனிடவில்லை.

இந்த இதழின் பெரிய பலமாக நான் கருதுவதை ஒரு சாதாரணப் பக்கத்திலேயே பார்க்கலாம். ஒரு காரைப் பற்றிய கட்டுரையோடு ஒரு விவரப் பட்டியலும் வரும். காருக்கு வைத்த பெயர், உரிமையாளர் பெயர், ஊர், கிளப். பெயின்ட் அடித்தவர் யார், உள்ளே வெல்வெட் இருக்கை தைத்தவர் யார், குரோம் பூசிய பட்டறை எது, ஹைட்ராலிக் பொருத்தியவர் யார். கேண்டி பெயின்டை அடுக்கடுக்காக ஏற்றி, அதன் மேல் மயிரிழைக் கோடு இழுத்து, போனட்டில் குவாதலூப்பே மாதாவை வரைந்த கைக்கு ஒரு பெயர் உண்டு என்பதை மாதாமாதம் அச்சில் பதிந்துவந்த இடம் அது. எந்தக் கலைக்கூடமும் அந்தத் தொழிலாளிகளைக் கலைஞர்கள் என்று அழைக்காத காலம். நியூ மெக்சிகோவின் சிமயோ கிராமத்தில் உருவான ‘டேவ்ஸ் ட்ரீம்’ என்ற 1969 ஃபோர்டு இன்று ஸ்மித்சோனியனின் தேசிய அமெரிக்க வரலாற்று அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் இருக்கிறது. ஜெஸ்ஸி வலாடஸின் ‘ஜிப்ஸி ரோஸ்’, உடலெங்கும் ரோஜாக்கள் வரைந்த அந்த 1964 இம்பாலா, 2017இல் வாஷிங்டன் நேஷனல் மாலில் கண்ணாடிக் கூண்டுக்குள் நின்றது. அந்த மரியாதைக்கான வழியில் பெரும்பகுதியை இந்த இதழ்தான் போட்டது.

இதே குடும்பத்தில் பிறந்த லோரைடர் ஆர்ட்டே என்ற ஓவிய இதழ், சிறைக்குள் இருந்தவர்கள் அனுப்பிய பேனாச் சித்திரங்களையும் வெளியிட்டது. தணிந்த சைக்கிள்களுக்கென்று சிறுவர்களுக்காக இன்னோர் இதழும் வந்தது. கார் வாங்க வழியில்லாத பதின்மூன்று வயதுப் பையனும் சிறையில் இருக்கும் அவன் மாமாவும் ஒரே பதிப்பகத்தின் பக்கங்களில் இடம் பெற முடிந்த ஏற்பாடு வேறெந்தக் கார் பத்திரிகையில் இருந்தது என்று எனக்குத் தெரியவில்லை.

இனிக் குறைகள். முதல் குறை அட்டையிலேயே தெரிந்தது. 1970களின் இறுதியில் பிகினி அணிந்த இளம்பெண் அட்டைக்கு வந்தாள், விற்பனை ஏறியது, அதுவே வழக்கமாகிவிட்டது. வாசகர்களிடமிருந்து எதிர்ப்பு வரத்தான் செய்தது. சிகானோ பெண்கள் தாங்களே கார் ஓட்டினார்கள். பெண்களே நடத்திய கிளப்புகள் 1970களிலேயே இருந்தன. அவர்களில் பலரையும் ஓரத்தில் தள்ளிவிட்டு, பெண் என்றால் போனட்டின் மேல் சாய்ந்திருப்பவள் என்று பல்லாண்டுகள் காட்டியது இந்த இதழ். சமூகத்தின் மானத்தைக் காக்கப் புறப்பட்ட பத்திரிகை, அந்தச் சமூகத்தின் பாதிப் பேரிடம் அந்த மானத்தைக் காட்டவில்லை. கடையில் விற்றால்தான் அடுத்த மாதம் உயிரோடிருக்க முடியும் என்ற நெருக்கடி அதன் காரணத்தை விளக்கலாம். செயலை நியாயப்படுத்த அது போதாது.

இரண்டாவது குறையைப் பலர் குறையாகவே எண்ணுவதில்லை. நான் அதைப் பெரிதாகவே எண்ணுகிறேன். இதழ் நடத்திய கண்காட்சிகளும் அவற்றின் மதிப்பெண் முறையும். ஸ்ட்ரீட், மைல்ட், செமி, ஃபுல், ராடிகல் என்று மாற்றத்தின் அளவுக்கேற்ப வகுப்புகள். ஆண்டின் சிறந்த லோரைடர் என்ற பட்டம். லாஸ் வேகஸில் பெரிய இறுதிக் கண்காட்சி. மதிப்பெண்ணுக்காக அச்சுத்தண்டு வரைக்கும் குரோம் பூசி, அதில் சித்திரம் பொறித்து, அடிப்பாகம் தெரிவதற்காகத் தரையில் கண்ணாடி பரப்பினார்கள். கைவேலை உச்சத்தைத் தொட்டது, மறுக்கவில்லை. ஆனால் அப்படிச் செய்த கார் தெருவுக்கு எப்படி வரும்? டிரெய்லரில் ஏற்றி மண்டபத்துக்குக் கொண்டுபோய், கயிறு கட்டி நிறுத்தி, மறுபடி டிரெய்லரில் ஏற்றி வீடு சேர்க்க வேண்டியதுதான். மெதுவாக ஊர்ந்து போவதற்கென்றே பிறந்த கார் ஓடாமலே கிடந்தது. வார இறுதியில் தன் கையால் செய்த காரை எடுத்துவந்த பட்டறைத் தொழிலாளி, ஒரு வீட்டின் விலையைக் காரில் கொட்டியவரோடு போட்டியிட வேண்டியதாயிற்று.

இதில் பழி முழுவதையும் இதழின் தலையில் கட்டுவது அநியாயம். 1970களின் இறுதியில் விட்டியர் புலேவார்டைப் போலீஸ் மூடியது. 1980களிலும் 1990களிலும் பல நகரங்கள் ஊர்ந்து போவதையே குற்றமாக்கின. சான் டியாகோவை அடுத்த நேஷனல் சிட்டி 1992இல் தடை போட்டது. தெரு பறிபோனபோது மண்டபம்தான் மிஞ்சியது. அதை நடத்த ஓர் அமைப்பு வேண்டியிருந்தது. ஆனால் டிக்கெட்டும் ஸ்டால் வாடகையும் வருமானமாக வரத் தொடங்கிய பிறகு, தெருவுக்காகப் போராடிய பழைய குரல் தணிந்துவிட்டது என்றே எனக்குப் படுகிறது.

இந்த இதழ் 2019க்கு முன்பே ஒருமுறை செத்துப் பிழைத்தது. 1980களின் நடுவில் பணமில்லாமல் நின்றது. அப்போது அதை எடுத்து 1988இல் மறுபடி கொண்டுவந்தவர்கள் ஆல்பெர்ட்டோ லோப்பஸும் அவருடைய கூட்டாளிகளும், அதே சமூகத்தவர்கள். 1990களில் அமெரிக்கக் கடைகளில் மிக நன்றாக விற்ற கார் இதழ்களில் ஒன்றாக அதை வளர்த்தவர்களும் அவர்களே. பிறகு 1997இல் மெக்முல்லன் ஆர்கஸ் பதிப்பகத்துக்கு விற்கப்பட்டது. அங்கிருந்து ப்ரைமீடியா, பிறகு 2007இல் ப்ரைமீடியாவின் ஆர்வலர் இதழ்ப் பிரிவை மொத்தமாகச் சுமார் 120 கோடி டாலருக்கு வாங்கிய சோர்ஸ் இன்டர்லிங்க் என்று கைமாறியது. அதற்காக வாங்கிய கடன் தாங்காமல் 2009இல் அந்த நிறுவனம் திவால் மனு கொடுத்தது, 2014இல் அதன் பெயர் டென் என்று மாறியது, 2017இல் டிஸ்கவரி தொலைக்காட்சி நிறுவனத்தோடு கூட்டு.

முதல் மரணத்துக்கும் இரண்டாம் மரணத்துக்கும் உள்ள வேறுபாடு இங்கே இருக்கிறது. முதல்முறை பணம் இல்லை, ஆனால் பெயரும் வாசகர்களும் ஓரிடத்தில் இருந்தார்கள். எடுத்து நடத்த முடிந்தது. இரண்டாம் முறை லோரைடர் 22 பெயர்களில் ஒன்று. வாசகர்கள் இணையத் திரைக்குப் போய்விட்டார்கள், நாமும் அங்கே போக வேண்டும் என்பதுதான் மூடியவர்கள் சொன்ன காரணத்தின் சாரம். அதில் பொய் இல்லை. அமெரிக்காவில் கடைகளுக்கு அனுப்பும் இதழ்களில் பெரும்பகுதி விற்காமல் கூழாக்கப்படுவது பழைய கதை. மொத்த விநியோகஸ்தர்களும் ஒவ்வொருவராகக் கவிழ்ந்தார்கள். சோர்ஸ் இன்டர்லிங்கின் விநியோகப் பிரிவே 2014இல் மூடப்பட்டது. விளம்பரக் கட்டணம் இறங்காமல் இருக்கப் பல இதழ்கள் ஆண்டுச் சந்தாவை அடிமாட்டு விலைக்குக் கொடுத்தன. அப்படிக் கொடுத்தபின் வாசகரின் பணத்தில் இதழ் வாழ முடியாது. உதிரிபாக வணிகர் விளம்பரத்தை வேறிடத்துக்கு மாற்றிய அன்றே அதன் காலடி நழுவிவிடும்.

கணக்கு சரி. ஆனால் அது யாருடைய கணக்கு? 19 இதழ்களையும் ஒரே நாளில் ஒரே அளவுகோலால் அளந்ததில்தான் என் மறுப்பு. மஸ்டாங் காருக்கான இதழ் நின்றால் அந்த உரிமையாளர்களுக்கு வேறு இதழ்களும் பெரிய சங்கங்களும் உற்பத்தி நிறுவனமும் உண்டு. லோரைடருக்கு அப்படியொரு மாற்று இல்லை. அதை நிறுத்துவதற்கு முன், சமூகத்தின் கிளப்புகளிடமோ சான் ஹோசே போன்ற ஊர்களின் பதிப்பாளர்களிடமோ பெயரைக் கொடுத்துப் பார்த்திருக்கலாம். 1988இல் ஒருமுறை நடந்துகாட்டிய விஷயம்தானே.

என் வாதத்துக்கு எதிராக வலுவான சான்று ஒன்று உண்டு. அச்சு இதழ் நின்ற பிறகுதான் கலிஃபோர்னியாவில் இந்தக் கார்களுக்கு மிகப் பெரிய வெற்றி கிடைத்தது. நேஷனல் சிட்டி 2023இல் தன் தடையை நீக்கியது. அதே ஆண்டு அக்டோபரில் கையெழுத்தான ஏ.பி. 436 என்ற சட்டம், ஊர்வதைத் தடைசெய்யும் நகர விதிகளை மாநிலம் முழுவதும் செல்லாததாக்கியது. 1958இன் அந்த உயரக் கட்டுப்பாட்டையும் எடுத்தது. 2024 ஜனவரி 1 முதல் அது நடைமுறையில் இருக்கிறது. கிளப்புகளும் அவற்றின் கூட்டமைப்புகளும் நகரசபைகளுக்கு நேரில் போய்ப் பேசிப் பெற்றது இது. பெண்கள் அதில் முன்னணியில் நின்றார்கள். எந்த மாத இதழின் தயவும் அவர்களுக்குத் தேவைப்படவில்லை. அட்டைப்படப் பெண் என்ற பழைய வேடத்தைக் கழற்றிவிட்டு, தங்கள் கார்களைத் தங்கள் கைப்பேசியிலேயே படமெடுத்துக் காட்டும் பெண்களுக்கு அச்சின் மறைவு ஒரு விடுதலையாகவும் இருந்திருக்கலாம். இதை நான் முழு மனத்தோடு ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் கைப்பேசிப் படத்தில் கார் இருக்கிறது, பெயின்டர் இல்லை. ஆயிரம் பேர் பகிர்ந்த பிறகு உரிமையாளர் பெயரும் உதிர்ந்துவிடுகிறது. இன்று ஓர் இளம் பெயின்டர் 1980களில் நியூ மெக்சிகோவின் எஸ்பன்யோலாவில் எந்தப் பட்டறை எந்த முறையில் வண்ணம் அடுக்கியது என்று அறிய விரும்பினால், பழைய லோரைடர் இதழின் அந்த விவரப் பட்டியல்தான் அவருக்கு ஆதாரம். ஓர் ஆசிரியர் உட்கார்ந்து தேர்ந்து, பெயர்களைச் சரிபார்த்து, தேதியோடு அச்சிட்டதால் கிடைத்த ஆதாரம் அது. 2020க்குப் பிறகு செய்யப்பட்ட கார்களுக்கு அப்படி ஒரே இடத்தில், ஒழுங்காகத் தொடர்ந்து வரும் பதிவு எது?

பழைய இதழ்களை வாசகர்கள் பெட்டிகளில் வைத்துக் காப்பாற்றுகிறார்கள். அச்சிட்ட படங்களின் உரிமையும், அச்சேறாத ஆயிரக்கணக்கான ஃபிலிம்கள் எங்கே, யாரிடம் இருக்கின்றன என்ற கேள்வியும் வேறு. அந்த டிஸ்கவரிக் கூட்டில் உருவான மோட்டார் ட்ரெண்ட் குழுமம் 2024 டிசம்பரில் ஹெர்ஸ்ட் நிறுவனத்தின் கைக்கு மாறியது. கார் அண்ட் டிரைவர், ரோடு அண்ட் ட்ராக் இரண்டையும் ஏற்கெனவே வைத்திருக்கும் ஹெர்ஸ்டுக்குப் பழைய இதழ்த் தொகுப்பின் மதிப்பு தெரியாமலிருக்காது. லோரைடரை மறுபடி மாத இதழாக நடத்து என்று யாரும் அவர்களைக் கட்டாயப்படுத்த முடியாது. 1977 முதல் 2019 வரையிலான எல்லா இதழ்களையும், கிடைக்கிற ஃபிலிம்களையும், பெயர்ப் பட்டியலோடு கலிஃபோர்னியாவின் பொது நூலகம் ஒன்றிடம் ஒப்படைத்து, எவரும் இலவசமாகப் பார்க்கத் திறந்துவிடச் சொல்லிக் கேட்க முடியும். கிளப்புகள் நகரசபைகளிடம் கேட்டதைப் போலவே இதையும் உரக்கக் கேட்க வேண்டும்.