நாய்க்கு இரங்கும் இரு தேசங்கள்

கெடாவின் மெர்கோங்கில் நிகழ்ந்த ஒரு கல்யாணப் பந்தியில், பாட்டனார் காலத்தில் ரயில்வே உத்தியோகத்துக்காக மலாயாவுக்கு வந்த யாழ்ப்பாணக் குடும்பத்தைச் சேர்ந்த நண்பர் ஒருவர், "உங்கள் இந்தியாவில் நாய்க்குச் சோறு போடுகிறவர் ஒருவர், கடிபடுகிறவர் இன்னொருவர்; எங்கள் பக்கத்தில் அப்படியில்லை" என்று பாயசத்துக்கிடையே சொல்லிவைத்தார். என் பாட்டனார் தஞ்சாவூரிலிருந்து பால்மரம் சீவ வந்தவர். நான் பிறந்ததோ கெடாத் தோட்டத்து லயத்தில். ஆகையால் இந்தியாவுக்காக வழக்காட எனக்கு உரிமை சற்றுக் குறைவுதான். ஆயினும் பூர்வீகத்தை ஒருவர் பழிக்கும்போது அந்தக் குறைவு நினைவுக்கு வருவதில்லை.

1959இல் சென்னை வெள்ளத்தில் தத்தளித்த நாய்க்குட்டிகளை எடுத்து வந்து காத்த விமானி கேப்டன் சுந்தரமும், விமானம் ஓட்டக் கற்றிருந்த அவர் மனைவி உஷாவும், அவர்களுடைய பிள்ளைகளும் தங்கள் இல்லத்திலேயே தொடங்கிய ஜீவகாருண்யப் பணிதான் ‘புளூ கிராஸ்’ ஸ்தாபனமாக வளர்ந்தது. நகரசபை நாய்களைக் கொன்று குவித்துக்கொண்டிருந்த அக்காலத்தில், கொல்வதால் தொகை குறையாது, கருத்தடை செய்து வெறிநோய்த் தடுப்பூசி போட்டுப் பிடித்த இடத்திலேயே விட்டால் அந்த நாயே தன் எல்லைக்குள் அந்நிய நாயை அண்டவிடாது என்று 1964 முதல் அவர்கள் வாதாடினார்கள். சென்னை மாநகராட்சி அதனை ஏற்க 1996 ஆயிற்று. 2001இல் அதுவே தேசத்தின் விதியாயிற்று. ருக்மிணி தேவி அருண்டேலின் விடாமுயற்சி 1960ஆம் ஆண்டின் பிராணிவதைத் தடைச் சட்டத்துக்கு வழி செய்ததும் நாம் மறக்கத் தக்கதன்று. அடிபட்ட நாயை ஏற்றத் தயங்கும் ஆட்டோக்காரரைக் கெஞ்சி, இருக்கையில் சாக்கு விரித்து, மடியில் கிடத்திக் காப்பகத்துக்குக் கொண்டுபோகும் குமாஸ்தாக்களையும் கல்லூரி மாணவிகளையும் சென்னையில் நான் கண்டிருக்கிறேன்.

இலங்கையின் பெருமையை நண்பர் வாயிலாகவும் பத்திரிகை வாயிலாகவும் அறிந்த அளவில் சுருங்கச் சொல்கிறேன். அங்கே ‘கட்டாக்காலி’ என்று வழங்கும் தெருநாய்க்கு வெறிநோய்ச் சட்டம் 1893லேயே வந்துவிட்டது. 1973இல் 377 பேரைக் கொன்ற அந்நோய், நாய்களுக்குத் தடுப்பூசியும் கடிபட்டோருக்கு அரசாங்க வைத்தியசாலையில் இலவசச் சிகிச்சையும் பரவியதால், அண்மை ஆண்டுகளில் இருபது முப்பது உயிர்கள் என்ற அளவுக்கு அடங்கிவிட்டது. இந்தியாவிலோ இன்றும் ஆயிரக்கணக்கானோர் மாள்கிறார்கள். 2006 முதல் தெருநாய்களைக் கொல்வதில்லை என்பது இலங்கை அரசின் கொள்கை. இயக்கச்சியில் சிவபூமி அறக்கட்டளை நாய்களுக்கென்றே ஒரு சரணாலயம் நடத்துகிறது. ஊருக்கு ஊர் வைரவருக்கு மடை வைக்கும் மக்கள் அவர் வாகனத்துக்கும் ஒருபிடி சோறு ஒதுக்குவது மிகவும் பொருத்தமே.

ஆனால் கொல்லாமைச் சங்கற்பத்தில் சென்னை பத்தாண்டு மூத்தது என்பதையும், ஒரு தீவுக்கு ஊசி போடுவதும் ஓர் உபகண்டத்துக்கு ஊசி போடுவதும் சமமான காரியங்கள் அல்ல என்பதையும் நண்பர் சிந்திக்கவேண்டும். டில்லி நாய்களையெல்லாம் அகற்றி அடைக்குமாறு 2025 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டபோது, தொண்டர்கள் வீதிக்கு வந்து முறையிட்டார்கள். பதினோரு நாளில் அவ்வாணை திருத்தப்பெற்று, நோயும் மூர்க்கமும் இல்லாதவற்றைக் கருத்தடைக்கும் ஊசிக்கும் பின் பழைய இடத்திலேயே விடலாம் என்றாயிற்று. இலங்கையில் வைத்தியத்துறையின் ஒழுங்கு முந்தி நிற்கிறது. இந்தியாவில் சாமானியரின் பிடிவாதம் முந்தி நிற்கிறது. எனக்குப் பிடிவாதமே உயர்வாகத் தோன்றுகிறது. இதில் பட்சபாதம் உண்டென்றால் இருந்துவிட்டுப் போகட்டும்.

எனினும் நண்பரும் நானும் உண்பது கெடாவின் அரிசி. 2015இல் பெர்லிஸ், கெடா, பினாங்கு மாநிலங்களில் வெறிநோய் தலைகாட்டியபோது பலியானவை நம் தெருநாய்கள். தோட்டங்கள் துண்டாடப்பட்டு, குடும்பங்கள் அடுக்குமாடி வீடுகளுக்குக் குடிபெயர்ந்தபோது, லயத்து வாசலில் விட்டுவரப்பட்டவையும் நம் நாய்களே. ஆகவே பூர்வீகப் பெருமை பேசும் நாம், வளர்க்கும் நாய்க்குக் கருத்தடை செய்து, நகராண்மைக் கழகத்தில் உரிமம் எடுத்து, வீடு மாறும்போது அதனையும் உடன் அழைத்துச் செல்வோமாக. இயலாதவர்கள், தெருநாயை வைத்தியரிடம் கொண்டுசெல்லும் இளைஞரின் வேனுக்குப் பெட்ரோல் செலவாவது கொடுங்கள்.