கழியும் பாடும்: நெய்தல் வாசிப்பில் ஆழமற்ற நீரின் இடம்

ஆய்வுச் சுருக்கம்

நெய்தல் இலக்கியம் பற்றிய வாசிப்புகள் பெரும்பாலும் இரங்கல் என்னும் உரிப்பொருளையோ ஆழ்கடல் வீரத்தையோ மையமாகக் கொள்கின்றன. கரையை ஒட்டிய ஆழமற்ற நீரில் சிறு படகு கொண்டு செய்யப்படும் மீன்பிடித் தொழில் அவற்றில் பின்புலமாகவே நின்றுவிடுகிறது. பழவேற்காட்டுக் கழியில் வழங்கும் ‘பாடு’ என்னும் தொழிற்சொல்லைத் திறனாய்வுக் கருவியாகக் கொண்டு, சங்கப் பாடல்களையும் தற்காலப் படைப்புகளையும் இக்கட்டுரை மறுவாசிப்புச் செய்கிறது.

திறவுச்சொற்கள்: நெய்தல், கழி, பாடு, கருப்பொருள், பழவேற்காடு, எண்ணூர், புறம்போக்கு

முன்னுரை

நெய்தல் என்பதற்குக் ‘கடலும் கடல் சார்ந்த இடமும்’ என்று பாடநூல்கள் பொருள் தருகின்றன. இவ்வரையறையில் கடல் முதலிடம் பெறுகிறது. கரையும் கழியும் அதன் சார்பாக நிற்கின்றன. ஆனால் திணைக்குப் பெயர் தந்த நெய்தற்பூ அலைகடலில் பூப்பதன்று. கழி முதலான ஆழமற்ற நீர்நிலைகளில் பூப்பது. தொல்காப்பியமும் இந்நிலத்தை மணல் பரந்த உலகம் என்ற பொருளிலேயே சுட்டுகிறது. பெயராலும் நிலச்சுட்டாலும் கரைக்கும் கழிக்கும் உரிய திணை, வாசிப்பில் கடலுக்கு உரியதாக மாறியிருப்பது கவனத்திற்குரியது.

இம்மாற்றத்திற்கு இலக்கண மரபிலேயே ஒரு காரணம் உண்டு. முதல், கரு, உரி என்னும் மூன்றனுள் பாடலில் உரிப்பொருளே தலைமை பெறுகிறது. தொழிலைக் குறிக்கும் ‘செய்தி’, தெய்வம், உணவு, மரம், புள் ஆகியவற்றோடு கருப்பொருளில் வைத்து எண்ணப்படுகிறது. எனவே நெய்தற் பாடலை விளக்குவோர் இரங்கலை விரித்துரைத்து, வலையையும் படகையும் பட்டியலிட்டு அமைகின்றனர். இலக்கணம் தந்த இவ்வரிசை பாடலின் அமைப்பை விளக்கப் போதுமானது. அம்மக்களின் வாழ்வை விளக்கப் போதுமானதன்று.

பாடு என்னும் சொல்

பாடு என்பது ‘படு’ என்னும் வினையடியாகப் பிறந்த முதனிலை திரிந்த தொழிற்பெயர். வலையில் மீன் அகப்படுதலும் படுதலே, துன்புறுதலும் படுதலே, ஞாயிறு மறைதலும் படுதலே. கடற்கரை வழக்கில் ‘மீன்பாடு’ என்றால் கிடைத்த மீனின் அளவு. பொதுவழக்கில் ‘பாடு’ என்றால் உழைப்பும் துயரமும். நெய்தலுக்குரிய சிறுபொழுதாகிய ‘எற்பாடு’ என்பதிலும் இதே சொல் உண்டு.

பழவேற்காட்டில் இச்சொல் மேலும் ஒரு பொருள் பெறுகிறது. தமிழ்நாடு, ஆந்திரம் ஆகிய இரு மாநிலங்களிலும் பரந்துள்ள இவ்வேரி, இந்திய உவர்நீர் ஏரிகளில் சிலிக்காவுக்கு அடுத்த பெருமை உடையது. இதன் பெரும்பகுதி ஆழம் குறைந்தது. கோல் ஊன்றியே படகைச் செலுத்தலாம். கடல்நீர் ஏறி இறங்கும் முகத்துவாரத்தை ஒட்டிய இடங்களில் இறால் மிகுதியாகக் கிடைக்கும். அவ்விடங்களில் வலை கட்டும் உரிமையைக் கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடூர் மாதாகுப்பம் ஆகிய ஊர்களின் மீனவர் சீட்டுக் குலுக்கி முறை வைத்துப் பகிர்ந்துகொள்வது மரபு. இம்முறைக்கும் முறைக்குரிய நீர்ப்பரப்புக்கும் ‘பாடு’ என்றே பெயர். நல்ல இடம் ஒருவருக்கே நிலைத்துவிடாமல் சுழன்று வருவது இதன் அடிப்படை.

ஆக, கிடைத்த மீன், பட்ட உழைப்பு, நேர்ந்த துயரம், வந்து சேரும் முறை ஆகிய நான்கும் இந்த ஒரு சொல்லில் அடங்குகின்றன. உணர்வை உரியிலும் தொழிலைக் கருவிலும் பிரித்து வைக்கும் இலக்கணப் பகுப்பை இம்மக்களின் வழக்கு ஏற்கவில்லை என்பதையே இது காட்டுகிறது.

சங்கப் பாடல்களில் தொழிலும் வாதமும்

நற்றிணையின் 45-ஆம் பாடலில், தேருடைய செல்வனின் மகனாகிய தலைவனைத் தோழி விலக்குகிறாள். தலைவி பரதவர் மகள். சுறாவை அறுத்து உலர்த்தி, அதைக் கவர வரும் பறவைகளை ஓட்டுவது அவர்கள் வேலை. அவர்கள்மேல் புலால் நாற்றம் வீசும். நீர் தரும் விளைச்சலால் அமைந்த தங்கள் சிறிய நல்வாழ்வு அவனது வாழ்வுக்கு ஒப்பாகாது. தங்கள் இனத்திலும் தகுதியுடையோர் உண்டு என்கிறாள். துறை விளக்கம் இதனைத் தலைவனை அகற்றி நிறுத்தும் உத்தி என்ற அளவில் நிறுத்திக்கொள்ளும். பாடலின் வாதம் முழுவதும் தொழிலிலிருந்தே எழுகிறது என்பது அவ்விளக்கத்தில் விடுபடுகிறது. ஆழ்கடல் ஆடவரின் களமாக ஓரடியில் கடந்துசெல்ல, பேச்சின் வலிமை மகளிரின் கரைத்தொழிலில் நிற்கிறது. இங்குத் தொழில் கருப்பொருளாக மட்டும் அமையாமல், மறுப்புக்கும் தன்மதிப்புக்கும் காரணமாகிறது.

பட்டினப்பாலை முழுநிலா நாளில் கடலுக்குச் செல்லாத பரதவரைக் காட்டுகிறது. அவர்கள் சுறாவின் கொம்பை நட்டு வழிபடுகின்றனர், உண்டு ஆடுகின்றனர். இப்பகுதி பெரும்பாலும் வழிபாட்டுச் சான்றாகவே எடுத்தாளப்படுகிறது. தொழிலுக்குச் செல்லும் நாளையும் செல்லாத நாளையும் ஒரு சமூகம் கூடி வரையறுத்துக்கொண்டதற்கான சான்றாகவும் இதனைக் கொள்ளலாம். முறை என்னும் கருத்து, பாடு என்னும் சொல்லாட்சி இல்லாமலேயே, இங்கு இடம்பெற்றுள்ளது.

புதினங்களில் கரையும் ஆழியும்

வண்ணநிலவனின் ‘கடல்புரத்தில்’ (1977) பிலோமியின் நிறைவேறாத காதலுக்காகவே மிகுதியும் பேசப்படுவது. அக்காதலைச் சூழ்ந்திருப்பது வல்லத்துக்கும் லாஞ்சிக்கும் இடையிலான பூசல். சிறு படகின் நீருக்குள் விசைப்படகு புகும்போது யாருக்கு எந்த நீர் என்னும் வினா எழுகிறது. தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குபடுத்தும் சட்டம் 1983-இல்தான் வந்தது. கரையிலிருந்து 3 கடல் மைல் வரையிலான பரப்பில் விசைப்படகுகள் மீன்பிடிப்பதை அது தடுத்தது. சட்டம் பின்னர் எடுத்துக்கொண்ட வினாவைப் புதினம் முன்னரே எழுப்பியிருக்க, திறனாய்வு அதனைத் துயரக் காதல் கதையாகச் சுருக்கியது. ராஜம் கிருஷ்ணனின் ‘அலைவாய்க் கரையில்’ (1978) மீன்பாட்டில் கோயில் பெறும் பங்கைப் பற்றிய சிக்கலைப் பேசுகிறது. அங்கும் மையம் பாடே.

ஜோ டி குருஸின் ‘ஆழி சூழ் உலகு’ (2004) இவ்வரிசையில் பெரும்படைப்பு. கடலில் தத்தளிப்போருள் மூத்தவர்கள் இளையவனுக்காக உயிரை விடும் பகுதி அதன் உச்சம். ஈகத்தைப் போற்றிய வாசிப்பு, புதினம் விரித்துக் காட்டும் கரையின் பங்கீட்டையும் கடனையும் அதே அளவில் கவனிக்கவில்லை. இது படைப்பின் குறையன்று. ஆழத்தில் மட்டுமே பெருமை தேடும் வாசிப்பின் குறை.

எண்ணூர்: புறம்போக்கும் பாடும்

மேற்சுட்டிய புதினங்கள் தென்கடற்கரையைச் சேர்ந்தவை. மேற்கே வெள்ளானூர், ஆவடி எனும் ஏரி சார்ந்த உள்நிலமும், கிழக்கே எண்ணூர், பழவேற்காடு எனும் கழிநிலமும் கொண்ட சென்னையின் வடபுறம் அத்தகைய புதின வரிசையைப் பெறவில்லை. இங்குக் கழியைப் பற்றிப் பரவலாகக் கவனம் பெற்ற படைப்பு ஒரு பாடலே. 2017 ஜனவரியில் வெளிவந்த ‘சென்னைப் புறம்போக்குப் பாடல்’ கபேர் வாசுகியின் சொற்களை டி.எம். கிருஷ்ணாவின் குரலில், எண்ணூர்க் கழியின் நிலக்காட்சிகளோடு தந்தது. பொதுப் பயன்பாட்டுக்குரிய நிலத்தைச் சுட்டி, பின்னர் வசைச்சொல்லாக இழிந்த வருவாய்த்துறைச் சொல்லை அப்பாடல் மீட்டெடுத்தது.

அம்மீட்பின் பெறுமதி குறைத்து மதிப்பிடத்தக்கதன்று. எனினும் ‘புறம்போக்கு’ நிலத்தைக் கணக்கெடுப்போரின் சொல். ‘பாடு’ நீரில் நிற்போரின் சொல். முன்னது யாருடைய தனியுடைமையும் அன்று என்பதைச் சொல்லும். பின்னது யார், எங்கே, எந்த நாளில் தொழில் செய்யலாம் என்பதையும் சேர்த்துச் சொல்லும். கொசஸ்தலையாறு கடல் சேரும் எண்ணூர்க் கழியில் அனல்மின் நிலையங்களின் சாம்பல் படிந்தபோதும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலித் தொழிற்பகுதியிலிருந்து எண்ணெய் பரவிப் படகுகளும் வலைகளும் கறுத்தபோதும் கெட்டது வெற்றுநிலம் அன்று. மக்கள் முறை வகுத்து வாழ்ந்த தொழிற்களம்.

அதே வேளை, பாட்டைக் குறையற்ற பொதுமையாகப் போற்றுவதும் பிழையாகும். பழவேற்காட்டில் இம்முறை பட்டினவர் ஊர்களின் தலைக்கட்டு உறுப்பினர்க்கு உரியது. மகளிர்க்கும் பிற சாதியினர்க்கும் அதில் இடமில்லை. ஓலைப் பறியைப் பல்லால் கவ்விக்கொண்டு, நீரில் கைகளால் துழாவி இறால் பிடிக்கும் இருளரின் உழைப்பும் கழியில் படும் பாடே. ஆனால் அதற்கு முறை என்னும் உரிமை கிடையாது. சொல் ஒன்றாக இருக்க, அதன் பொருள்கள் ஆளுக்கேற்பப் பகிரப்படுகின்றன. ஒருவருக்கு முறை, மற்றொருவருக்குத் துயரம். நெய்தல் வாசிப்பு இவ்வேறுபாட்டையும் காண வேண்டும்.

முடிவுரை

• நெய்தற் பாடல்களில் தொழில் பின்புலமாக மட்டும் அமையவில்லை. வாதமாகவும் மதிப்பீடாகவும் செயற்படுகிறது.

• ‘பாடு’ என்னும் வழக்குச்சொல் விளைவு, உழைப்பு, துயரம், முறை ஆகியவற்றை இணைப்பதால் கருவையும் உரியையும் ஒருங்கே வாசிக்க உதவுகிறது.

• தற்காலப் புதினங்களில் உள்ள நீருரிமைச் சிக்கல்களை இச்சொல்வழி அணுகும்போது அவற்றின் அரசியல் புலப்படுகிறது.

• பாட்டு முறையின் விலக்கல்களையும் உட்கொண்டாலன்றி இவ்வாசிப்பு நிறைவுறாது.

கழியை வெற்றிடமாகக் காணும் திட்டப் பார்வைக்கும், அதனைத் தலைவி நின்று வருந்தும் காட்சியிடமாக மட்டும் காணும் இலக்கியப் பார்வைக்கும் நோக்கம் வேறு. விளைவில் அவை நெருங்கிவிடுகின்றன. இரண்டிலும் அங்கே வலை கட்டுவோர் கண்ணுக்குத் தெரிவதில்லை. நெய்தலைக் கற்பிக்கும் வகுப்பறையில் இரங்கலுக்குத் தரப்படும் நேரத்தில் ஒரு பகுதியேனும் பாட்டுக்குத் தரப்படுவது இந்நிலையை மாற்றத் தொடக்கமாக அமையும்.