தாலி கட்டிய பிறகு கேட்கும் சம்மதம்

அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் இருக்கிறது டூசான் நகரம். 2025 ஆகஸ்டில் அந்த ஊர் மாநகர மன்றம் ஒரு பெரிய தரவு மையத்தை வேண்டாமென்று சொன்னதிலிருந்து மக்கள் கருத்துக் கேட்புக்குப் புது மவுசு வந்திருக்கிறது. “மக்களைக் கேட்டால் நல்லது நடக்கும், இங்கேயும் டேட்டா சென்டருக்குக் கருத்துக் கேட்கச் சொல்வோம்” என்கிறார்கள் சூழல் அக்கறை கொண்ட நண்பர்கள். அவர்களுடைய மகிழ்ச்சி எனக்கும் உண்டு. ஆனால் டூசானில் நடந்ததை முதலிலிருந்து கடைசிவரை பார்த்தவர் அதைக் கருத்துக் கேட்பின் வெற்றி என்று சொல்ல மாட்டார்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். அந்தக் கோடையில் கூட்டங்களுக்கு மக்கள் திரண்டு வந்தார்கள். பாலைவன ஊர்க்காரர்கள், தண்ணீர்க் கணக்கு அவர்களுக்கு அத்துபடி. சுத்திகரித்த கழிவுநீரைத்தான் பயன்படுத்துவோம் என்று திட்டத்தை முன்வைத்த நிறுவனம் சொன்னது. அதற்கான குழாய் போட்டு முடிக்கும்வரை குடிநீரைத்தான் எடுப்பார்கள் என்ற விவரம் ஊர்ப்பேச்சானது. மன்றத்தின் 7 பேரும் ஒருமனதாக மறுத்தார்கள். மக்கள் வாய் திறந்திருக்காவிட்டால் இது நடந்திருக்காது.

இனி என் நெடுநாள் மனக்குறை. கருத்துக் கேட்பு எல்லா ஊரிலும் கடைசியாகத்தான் வருகிறது. டூசான் அடங்கிய பீமா கவுன்டியின் அதிகாரிகள், விவரங்களை வெளியிட மாட்டோம் என்று முன்பே கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்தார்கள். திட்டத்துக்கு ‘புராஜெக்ட் புளூ’ என்று ஒரு மறைபெயர். 2025 ஜூனில் கவுன்டியின் மேற்பார்வையாளர் குழு 3–2 என்ற வாக்கில் 290 ஏக்கரை விற்க ஒப்புக்கொண்டது. அங்கே ஓடப்போவது யாருடைய கணினிகள் என்று அன்றும் மக்களுக்குச் சொல்லவில்லை. அடுத்த மாதம் உள்ளூர்ப் பத்திரிகையாளர்கள் பழைய ஆவணம் ஒன்றைத் தேடியெடுத்த பிறகுதான் அமேசானின் பெயர் வெளியே வந்தது. இடம் முடிவாகி, விலை பேசி, கையெழுத்தும் ஆன பிறகு மக்களிடம் மைக்கை நீட்டுவது, தாலி கட்டிய பிறகு பெண்ணிடம் சம்மதம் கேட்பதுதான். டூசானில் மாப்பிள்ளை பெயரைக்கூடச் சொல்லவில்லை.

இதை நடைமுறைக் குறை என்று ஒதுக்கிவிட முடியாது. ஒரு தரவு மையம் எத்தனை மெகாவாட் மின்சாரம் இழுக்கும், எவ்வளவு தண்ணீர் குடிக்கும் என்பவையே அதைப் பற்றிய முதல் கேள்விகள். இரண்டும் ஒன்றோடொன்று பிணைந்தவை. நீரை ஆவியாக்கிக் குளிர்வித்தால் மின்சாரம் மிச்சமாகும், தண்ணீர் போகும். காற்றால் குளிர்வித்தால் தண்ணீர் மிச்சமாகும், மின்சாரம் கூடுதலாகச் செலவாகும். எதை இழப்பது என்ற முடிவு வரைபடத்திலேயே எடுக்கப்படுகிறது. கடைசியில் கூப்பிடப்படும் மக்களுக்குச் சரி அல்லது வேண்டாம் என்பதைத் தவிர வேறு வார்த்தை மிஞ்சுவதில்லை. ‘வேண்டாம்’ என்றால் என்ன ஆகும் என்பதையும் டூசானே காட்டிவிட்டது. நகரம் மறுத்ததும் திட்டத்தை முன்வைத்த நிறுவனம் ஊரைவிட்டுப் போகவில்லை. காற்றுக் குளிர்விப்புக்கு மாறி, நகர எல்லைக்கு வெளியே அதே நிலத்தில் திட்டத்தைத் தொடர்ந்தது. அதே ஆண்டு டிசம்பரில் மாநில ஆணையம் அதன் மின் ஒப்பந்தத்துக்கு ஒப்புதல் கொடுத்தது. மக்களின் குரலால் அடைபட்டது ஒரு தண்ணீர்க் குழாய் மட்டும்தான்.

நம் பக்கம் வருவோம். அம்பத்தூரிலும் சிறுசேரியிலும் தரவு மையங்கள் எழும்பிக்கொண்டிருக்கின்றன. 2006-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையில் கட்டுமானத் திட்டங்களுக்குக் கருத்துக் கேட்பிலிருந்து விலக்கு உண்டு. தரவு மையமும் கட்டடம் என்ற கணக்கில் அந்த வாசல் வழியாகவே போய்விடுகிறது. விலக்கை நீக்கக் கேட்பது நியாயம். ஆனால் நீக்கினால் நமக்குக் கிடைக்கப்போவது என்ன?

வடசென்னையில் வேறொரு திட்டத்துக்கு நடந்த கருத்துக் கேட்புக்கு நான் போயிருக்கிறேன். ஷாமியானா, பிளாஸ்டிக் நாற்காலிகள், மேடையில் அதிகாரிகள். மேசைமேல் செங்கல் கனத்துக்கு ஆங்கில அறிக்கை, பக்கத்தில் சில பக்கத் தமிழ்ச் சுருக்கம். மீன்கூடையை ஓரமாக வைத்துவிட்டு ஓர் அம்மா மைக்கைப் பிடித்தார். “எங்க ஆத்துலேருந்து ஒரு நாளைக்கு எவ்ளோ தண்ணி எடுப்பீங்க சார்?” கேள்வி அவ்வளவுதான். “உங்க கருத்தைப் பதிவு பண்ணிக்கிட்டோம்மா” என்றார் மேடையிலிருந்தவர். அடுத்த பெயரைக் கூப்பிட்டார்கள்.

அவர் கருத்து எதுவும் சொல்லவில்லை. ஓர் எண்ணைக் கேட்டார். நிலம் பேசத் தொடங்கும் நாளிலேயே நிறுவனத்தின் பெயரும், மெகாவாட் கணக்கும், தண்ணீர்க் கணக்கும் தமிழில் ஊராட்சி, வார்டு அலுவலகச் சுவர்களில் ஒட்டப்பட வேண்டும். அது நடக்காத ஊரில் எத்தனை கூட்டம் போட்டாலும் அந்த அம்மாவின் கேள்வி பதிவாகிக்கொண்டேதான் இருக்கும்.