.315: ஒரே தோட்டாவுக்குப் பிறந்த ரைஃபிள்

.315 ரைஃபிளை முதல் தடவையாகக் கையில் எடுப்பவர் செய்ய வேண்டிய காரியம், வெறும் துப்பாக்கியில் போல்ட்டை இழுத்து மூடிப் பார்ப்பதுதான். இழுக்கும்போது வழுக்கிக்கொண்டு வரும். மூடும்போது கடைசி அங்குலத்தில் முரண்டு பிடிக்கும். பழுது என்று நினைத்துவிடுகிறார்கள். பழுதில்லை, இந்த வகையில் சுத்தி ஸ்பிரிங் ஏறுவதே மூடும்போதுதான். லீ-என்ஃபீல்டு வம்சத்தின் குணம் அது. இரண்டு உலகப் போர்களிலும் பிரிட்டிஷ், இந்தியச் சிப்பாய்கள் தோளில் சுமந்த அதே இயந்திரம்தான் வேறு குழலோடு, வேறு தோட்டாவோடு, வங்காளத்து இஷாப்பூர் தொழிற்சாலையிலிருந்து உரிமக்காரர்களுக்கு வருகிறது. 2021 அக்டோபரில் படைக்கலத் தொழிற்சாலைகளை ஏழு நிறுவனங்களாகப் பிரித்த பிறகு பெயர்ப்பலகை மாறியது. ரைஃபிள் மாறவில்லை.

என் உரிமத்தில் இருப்பவை இரண்டு. ஒன்று இந்த .315. இன்னொன்று அப்பா காலத்து இரட்டைக்குழல் 12 போர் ரவைத் துப்பாக்கி. 2019 திருத்தத்துக்குப் பிறகு பொதுவாக ஒருவருக்கு இரண்டுதான் அனுமதி என்பதால், மூன்றாவதைப் பற்றிய பேச்சே இல்லை. இவற்றை வைத்திருப்பதால் எங்கள் மம்சாபுரத்தில் என்னிடம் ஒரு கேள்வி அடிக்கடி வருகிறது: “அண்ணாச்சி, பன்னிக்கு எது வாங்கலாம்?” 2025 ஜனவரியில் காட்டுப் பன்றி பற்றிய தமிழக அரசு அறிவிப்பு வந்ததிலிருந்து கேள்வி கூடிப்போனது. இந்த விமர்சனம் அப்படிக் கேட்பவர்களுக்காக.

முதலில் அந்த எண். .303 வைத்திருந்த ராணுவத்தின் தோட்டா வெளியாள் துப்பாக்கியில் போய்ச் சேரக் கூடாது என்பது வெள்ளைக்காரர்களின் கவலை. அதனால் ராணுவ அளவுகளை இந்தியாவில் தனியாருக்கு மறுத்தார்கள். பர்மிங்ஹாமின் பி.எஸ்.ஏ. நிறுவனம் லீ இயந்திரத்திலேயே ஆஸ்திரியாவின் பழைய 8 மி.மீ. மான்லிக்கர் தோட்டாவைப் பொருத்தி விற்றது. அந்த 8 மி.மீ.தான் அங்குலக் கணக்கில் .315. வெள்ளைக்காரன் போய் முக்கால் நூற்றாண்டு தாண்டியும் .303 இன்றைக்கும் தடை செய்யப்பட்ட அளவு; .315 அனுமதிக்கப்பட்ட அளவு. ஆஸ்திரியப் பேரரசு வரைபடத்திலிருந்தே மறைந்துவிட்டது. அதன் தோட்டா இங்கே ஆயுதக் கடை அலமாரியில் இருக்கிறது.

அந்தத் தோட்டா வேகத்தை நம்புவதில்லை, கனத்தை நம்புகிறது. கிட்டத்தட்ட 16 கிராம் ஈயக் குண்டு, விநாடிக்கு 600 மீட்டருக்குச் சற்று மேல். எளிய கணக்குப் போட்டால், குழல் நேராகப் பார்க்கும் கோட்டிலிருந்து 100 மீட்டரில் ஒரு சாணுக்குக் குறைவாகவும், 200 மீட்டரில் ஒன்றரை முழத்துக்குப் பக்கமாகவும் குண்டு தாழ்ந்திருக்கும். ஆகவே இது நூறு மீட்டர் துப்பாக்கி. ரேஞ்சில் நான் பார்த்ததும் அதுவே. பின்குறி பள்ளத்தில் முன்குறியை வைத்து, மணல் மூட்டையில் சாய்ந்து சுட்டால், நூறு மீட்டரில் குண்டுகள் ஒரு சாப்பாட்டுத் தட்டுக்குள் அடங்கும். அதற்கு மேல் தள்ளிப் போனால் முன்குறியே இலக்கை மறைத்துவிடும். நாற்பது வயதைத் தாண்டிய கண்ணுக்குப் பின்குறி மங்கலாகத்தான் தெரியும். அதற்குத் துப்பாக்கியைக் குறை சொல்லிப் பயனில்லை. விசை இரண்டு கட்டம்: முதலில் தளர்வான இழுப்பு, பிறகு ஒரு நிறுத்தம், அதைத் தாண்டினால் வெடிக்கும். அந்த நிறுத்தத்தை விரல் கற்றுக்கொண்டால் பாதி வேலை முடிந்தது. உதை இருக்கிறது, ஆனால் அறைவது மாதிரி இல்லாமல் தள்ளுவது மாதிரி இருக்கும்.

ஒரு எரிச்சல் மட்டும் உண்டு. தோட்டாவின் அடியில் விளிம்பு துருத்திக்கொண்டிருப்பதால், ஐந்து தோட்டா மேகசினில் அடுக்கும்போது மேல் தோட்டாவின் விளிம்பு கீழ்த் தோட்டாவின் விளிம்புக்கு முன்னால் இருக்க வேண்டும். மாற்றி வைத்தால் சிக்கிக்கொள்ளும். பழகிய கைக்கு இது பொருட்டல்ல. பதற்றத்தில் இருக்கும் கைக்குப் பொருட்டுதான்.

இதே வேலைக்கு உலகம் கொண்டாடுவது 7×57 மௌசர். 1892-இல் ஜெர்மனியில் பிறந்து, ஸ்பெயின் ராணுவத்துக்குப் போய், இங்கிலாந்தில் ரிக்பி கைபட்டு .275 ஆனது. சம்பாவத் புலியை வீழ்த்தியதற்காக 1907-இல் ஜிம் கார்பெட்டுக்குப் பரிசாகக் கிடைத்தது அந்த .275 தான். ருத்ரபிரயாகைச் சிறுத்தையை 1926-இல் அவர் சுட்டதும் அதனால்தான். குண்டு நம் .315-இல் பாதியைவிடக் கொஞ்சம் கூடுதல் எடை; வேகம் மூன்றில் ஒரு பங்கு அதிகம்; தோளுக்கு அடி குறைவு. இதைவிட முரட்டுத்தனமானது 1906-இன் அமெரிக்கத் தோட்டா .30-06. அதற்கும் இஷாப்பூர் ரைஃபிள் உண்டு. 200 மீட்டரில் அதன் குண்டு தாழ்வது .315-இன் பாதி அளவே. புதிதாக ரைஃபிள்தான் வேண்டும், பணம் பொருட்டில்லை என்பவருக்கு, இலக்குப் பயிற்சிக்காக .30-06-ஐச் சொல்வேன்.

ஆனால் வெளிநாட்டில் ஒருவர் 7×57-ஐத் தேர்ந்தெடுப்பதன் ருசியே வேறு. சுட்ட பித்தளைக் கூட்டை எடுத்து வைத்து, மானுக்கு இலேசான குண்டு, பன்றிக்குக் கனமான குண்டு, தன் குழலுக்கு எது ஒத்துப்போகிறது என்று வீட்டு மேசையில் தானே தோட்டா கட்டிப் பார்ப்பார். ஒரே ரைஃபிள் நாலு ரைஃபிள் ஆகும். இங்கே அந்தக் கதவு கிடையாது. 1959 ஆயுதச் சட்டத்தின் 5-ஆம் பிரிவுப்படி உரிமம் இல்லாமல் வெடிமருந்துப் பொருளைத் தயாரிப்பது குற்றம். ஆயுதம் வைத்துக்கொள்ளத் தந்த உரிமம் அதற்குச் செல்லாது. .315-க்குக் கடையில் உள்ள பெட்டி எதுவோ அதுவே நமக்கு. அதுவும் உரிமத்தில் எழுதிய எண்ணிக்கைக்குள். ஒரே வகைக் குண்டோடு ஒரு ரைஃபிளை மதிப்பிடும்போது, அந்தக் குண்டு எந்த வேலைக்கு ஆகும் என்பதுதான் கேள்வி. ரைஃபிளின் அழகு இரண்டாம் பட்சம்.

கையால் மருந்து போடுவது நம் ஊருக்குப் புதிதும் இல்லை. வாய்வழியே மருந்து கெட்டிக்கிற நாட்டுத் துப்பாக்கியில் ஒவ்வொரு வெடியும் கைவேலைதான். அதே ஆயுதச் சட்டம் 13-ஆம் பிரிவில் பயிர்ப் பாதுகாப்பு என்று பெயர் சொல்லிக் குறிப்பிடுவதும் அந்தத் துப்பாக்கியைத்தான், ரைஃபிளை அல்ல. சட்டம் எழுதியவர்கள் வயல்காட்டைப் பார்த்தவர்கள் என்று எனக்குத் தோன்றும்.

ஏனென்றால் இங்கே மண் தட்டை. மேற்கே மலை, அதில் 1988-இலிருந்து சாம்பல் நிற அணில் சரணாலயம், 2021-இலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகம். கிழக்கே மாந்தோப்பு, தென்னை, கரும்பு, நெல். பன்றி இறங்குவது இரவில். தண்ணீர் பாய்ச்ச ஆள் வரப்பில் நடப்பதும் அதே இரவில்தான். .315 குண்டு தவறினால் இரண்டு கிலோமீட்டர் தாண்டியும் உயிரோடு போகும். அதைத் தாங்கக் கண்மாய்க் கரை எல்லா வயலுக்கும் பின்னால் நிற்பதில்லை. கிடாப் பன்றியின் தோள்பட்டையில் கேடயம் மாதிரி தடித்திருக்கும் தோலைத் துளைக்க .315 தாராளமாகப் போதும். போதும் என்பதே இங்கே தொந்தரவு. உள்ளே போன குண்டு மறுபக்கம் வெளியேறிப் போய்க்கொண்டே இருக்கும்.

12 போருக்கு அந்த ஆபத்து இல்லை என்று சொல்ல மாட்டேன். எல்.ஜி. தோட்டாவின் ஆறேழு பெரிய ரவைகளும் தூரம் போகும். ஆனால் நாற்பது மீட்டருக்கு அப்பால் அவை சிதறி வேகம் இழக்கும். இருட்டில், வேலியோரத்தில், இருபது முப்பது மீட்டரில் நடக்கிற காரியத்துக்கு அதற்கு மேல் எதுவும் தேவையில்லை. முன்காலத்தில் இங்கே பன்றிக்குத் துப்பாக்கியே பிரதானம் இல்லை, ராஜபாளையம் நாய்தான். 2005-இல் தபால்தலையில் ஏறிய அந்த வெள்ளை நாய் வளர்க்கப்பட்டதே பன்றி வேட்டைக்கு.

இனி, கேட்பவர்களுக்குப் பிடிக்காத பகுதி. 1972 வனவிலங்குச் சட்டப்படி இன்று விளையாட்டு வேட்டைக்கு இடமில்லை. 2025 ஜனவரி அறிவிப்பும் விவசாயி கையில் துப்பாக்கியைக் கொடுக்கவில்லை. காப்புக்காட்டிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் சுடக் கூடாது. ஒன்றிலிருந்து மூன்று கிலோமீட்டர் வரை என்றால் பிடித்துக் காட்டில் விட வேண்டும். மூன்றைத் தாண்டினால் சுடலாம், அதுவும் பயிற்சி பெற்ற வனத்துறை ஆட்கள் மட்டும். மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்தில் 2022-லேயே உள்ளாட்சித் தலைவர்களுக்கு அனுமதி அதிகாரம் கொடுத்து, உரிமக்காரர்களைச் சுட விட்டார்கள். அங்கே ஒருவர் .315 வாங்கினால் அதற்கு வேலை இருக்கிறது. இங்கே இல்லை. அதனால் ஏமாந்து அவுட்டுக்காய் என்ற நாட்டு வெடிகுண்டுக்கும் மின்வேலிக்கும் போகிறவர்கள் பன்றியோடு நிறுத்துவதில்லை. மாடும் யானையும் மனிதரும் சேர்ந்து போகிறார்கள்.

பன்றிக்காக .315 வாங்க நினைக்கும் மம்சாபுரத்துக்காரருக்கு என் பதில்: வேண்டாம். ரேஞ்சுக்குப் போகும் வழக்கமும், பழைய இயந்திரத்தின் மேல் பிரியமும் இருந்தால் வாங்குங்கள். நூறு மீட்டருக்குள் ஏமாற்றாது. வைத்திருப்பவர்கள் தேர்தல் அறிவிப்பு வந்து காவல் நிலையத்தில் ஒப்படைக்கும் முன் குழலுக்குள்ளும் போல்ட்டிலும் எண்ணெய் கனமாகப் பூசிக் கொடுங்கள். திரும்பி வர மாதங்கள் ஆகலாம், துரு காத்திருக்காது. நாளைக்கே சட்டம் மாறி ஒன்றைத்தான் வைத்துக்கொள்ளலாம் என்றால், நான் .315-ஐக் கடையில் ஒப்படைத்துவிட்டு 12 போரை வைத்துக்கொள்வேன்.