'யூ' என்று அழைத்தவர்

ஜப்பானியப் பத்திரிகை அட்டைகளில் ஒரு விநோதம் ரொம்ப காலம் இருந்தது. கடையில் விற்கும் இதழின் அட்டையில் ஒரு பையன் சிரிப்பான். அதே அட்டை இணையத்தில் வரும்போது அவன் நின்ற இடத்தில் சாம்பல் நிற வெற்றுருவம்தான் இருக்கும். ஜானீஸ் நிறுவனம் தன் ஆட்களின் படத்தை இணையத்தில் அனுமதிக்காது, அவ்வளவுதான். 2018இல்தான் இந்தப் பிடி கொஞ்சம் தளர்ந்தது. 'பிம்பத்தின் தனியுடைமை' என்று இதைப்பற்றி நானும் நண்பர்களிடம் நிறையப் பேசியிருக்கிறேன். இன்று என் பேச்சின் மீதே எனக்குச் சந்தேகம்.

ஜானி கிதகாவா 1931இல் லாஸ் ஏஞ்சல்ஸில் பிறந்தவர். தோக்கியோவில் பையன்களுக்கு பேஸ்பால் சொல்லிக்கொடுத்தார். அவர்களில் நான்கு பேரை எடுத்து 1962இல் ஆடிப்பாடும் குழு ஒன்றை உண்டாக்கினார். ஃபோர் லீவ்ஸ், ஹிகாரு கென்ஜி, ஸ்மாப், அராஷி என்று குழுக்கள் தொடர்ந்தன. நிர்வாகத்தை அக்கா மேரி பார்த்துக்கொண்டார். பாட்டு, நாடகத் தொடர், விளம்பரம், கடைசியில் செய்தி நிகழ்ச்சிவரை ஜானீஸ் முகங்கள் வந்துவிட்டன. 1974இலிருந்து 2010வரை முதலிடம் பிடித்த 232 இசைத்தட்டுகளைத் தயாரித்தவர் என்று கின்னஸ் அவர் பெயரைப் பதிந்தது.

'ஜானீஸ்' என்றால் ஜானியுடையவர்கள். உடைமை பெயரிலேயே இருக்கிறது. பையன்களை அவர் 'யூ' என்றுதான் கூப்பிடுவார். விளிக்கப்படுவதில்தான் தன்னிலை உருவாகிறது என்று அல்தூஸர் சொன்னதற்கு இதைவிட உதாரணம் வேண்டுமா? மூத்தவர்களுக்குப் பின்னால் ஆடும் ஜூனியர் கூட்டத்தில் யார் முன்வரிசைக்கு வரலாம் என்பதைத் தீர்மானித்ததும் அதே குரல்தான். அந்தக் குரலுக்குத் திரும்பிப் பார்க்காதவனுக்கு மேடை இல்லை.

இதெல்லாம் யாருக்கும் தெரியாமலா நடந்தது? ஃபோர் லீவ்ஸ் குழுவில் இருந்த ஒருவர் 1988இலேயே புத்தகம் எழுதிவிட்டார். 1999இல் 'ஷூக்கான் புன்ஷுன்' வார இதழ் பாலியல் கொடுமைகளைத் தொடராக வெளியிட்டது. ஜானியும் நிறுவனமும் அவதூறு வழக்குப் போட்டார்கள். பையன்கள் இரண்டு பேர் சாட்சி சொன்னார்கள். அந்தக் கொடுமைபற்றி எழுதியதன் முக்கியப் பகுதி உண்மைதான் என்று 2003இல் தோக்கியோ உயர்நீதிமன்றம் சொன்னது. 2004இல் உச்சநீதிமன்றம் மேல்முறையீட்டைத் தள்ளியது. 2017வரை ஜப்பானின் வல்லுறவுச் சட்டப்பிரிவில் ஆண் பாதிக்கப்பட்டவனாக இருக்கவே முடியாது என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

தீர்ப்புக்குப் பிறகு ஒன்றுமே நடக்கவில்லை. தொலைக்காட்சிகள் வாய் திறக்கவில்லை. பயம் மட்டும் காரணம் என்று சொல்லித் தப்பிக்க முடியாது. நாளைய நாடகத்துக்கு அவனுடைய முகம் வேண்டும். ஆகவே இன்று செய்தி வேண்டாம். மௌனம் இங்கே பண்டமாற்று. நிறுவனம் வளர வளர மௌனமும் வளர்ந்தது. மௌனம் வளர்ந்ததால் நிறுவனமும் வளர்ந்தது. ஒன்றைச் சாதனை என்றும் மற்றதைக் களங்கம் என்றும் தனித்தனியாக எழுதுவது மோசடி. 2019இல் ஜானி செத்தபோது தோக்கியோ டோமில் நடந்த அஞ்சலிக்குப் பிரதமர் ஆபேயிடமிருந்து இரங்கல் செய்தி வந்தது.

2023 மார்ச்சில் பிபிசி ஆவணப்படம் வந்தது. ஏப்ரலில் முன்னாள் ஜூனியர் ஒருவர் முகம் காட்டிப் பேசினார். ஆகஸ்டில் விசாரணைக் குழு, 1950களிலிருந்து 2010களின் நடுப்பகுதிவரை கொடுமை நடந்ததென்றும், குறைந்தது சில நூறு பேர் பாதிக்கப்பட்டார்கள் என்றும், ஊடக மௌனமும் ஒரு காரணம் என்றும் எழுதியது. செப்டம்பரில் நிறுவனம் ஒப்புக்கொண்டது. இதுவரை 500 பேருக்கும் மேல் இழப்பீடு பெற்றிருக்கிறார்கள். இழப்பீடு கொடுக்கும் நிறுவனத்தின் புதுப் பெயர் 'ஸ்மைல்-அப்'. இப்போதும் சிரிக்கத்தான் சொல்கிறார்கள்!

என் சந்தேகத்துக்கு வருகிறேன். அடோர்னோவைப் படித்துவிட்டு இந்தப் பையன்களைப் 'பண்டம்', 'உற்பத்தி செய்யப்பட்ட உடல்' என்று எழுதுவது நமக்குச் சுலபம். அந்தச் சொற்கள் பொய்யல்ல. ஆனால் பண்டம் பேசாது. பேசினால் நாம் கேட்கவும் மாட்டோம். நிறுவனம் சாம்பல் நிறத்தில் வெட்டியெடுத்த இடத்தில் நானும் ஒரு கலைச்சொல்லை ஒட்டிவைத்தேன். நீதிமன்றத்தில் சாட்சி சொன்ன அந்த இரண்டு பேருக்கும் கோட்பாடு எதுவும் தேவைப்படவில்லை. நடந்ததைச் சொன்னார்கள். அதைக் காதில் வாங்க ஒரு நாட்டுக்கு இருபது வருஷம் ஆயிற்று. நம்முடைய விமர்சனத்துக்கு எத்தனை வருஷம் ஆகும்?