அறிஞர் இல்லமும் காட்சிக்கூடமும்

அறிஞர் ஒருவரின் இல்லம் காட்சிக்கூடமாகுமிடத்து, அவர் வாழ்ந்த இடத்தைக் காட்டுதல் எளிது; அவர் ஆராய்ந்ததைக் காட்டுதலே அரிது. காரைதீவிலே 1892இல் விபுலாநந்த அடிகள் பிறந்த மனையை நோக்குவார்க்கு இது நன்கு விளங்கும். கல்முனையிற் கற்று, 1920இல் இலண்டன் பல்கலைக்கழக விஞ்ஞானப் பட்டமும் பெற்ற அடிகள், சிலப்பதிகார அரங்கேற்றுகாதையை ஆராய்ந்து, வழக்கொழிந்த யாழின் சுருதிகளைக் கணிதத்தால் அளந்து, 1947இல் யாழ்நூலை வெளியிட்டார். ஆதலின், உருவப்படங்களும் பட்டங்களும் மாத்திரம் அங்குப் போதா. யாழைக் கண்ணாடிப் பேழையுள் அடைப்பின் அது மீண்டும் ஊமையாகும். காண வரும் மாணாக்கன் நரம்பின் நீளத்தை மாற்றித் தன் கையாலே தெறித்து, சுருதி வேறுபடுதலைச் செவியாற் கேட்டல் வேண்டும். நவீனக் கருவிகள் இதற்கே பயன்படுக. அவ்வாறு கேட்டவனே வீடு திரும்பி யாழ்நூலைக் கையிலெடுப்பான்.