பழுப்பேறிய டயலின் விலை

2021 நவம்பரில் ஜெனீவாவில் பிலிப்ஸ் நடத்திய ஏலத்தில், 1957ஆம் ஆண்டு ஒமேகா ஸ்பீட்மாஸ்டர் ஒன்று 31 லட்சம் சுவிஸ் பிராங்குக்கு மேல் விலைபோனது. தங்கம் இல்லை, வைரம் இல்லை, வெறும் எஃகு. கறுப்பு டயல் நாள்பட நாள்பட சாக்லேட் நிறமாகியிருந்ததுதான் அதன் பெருமை. வாங்கியது ஒமேகாவே, தன் அருங்காட்சியகத்துக்கு. 2023இல் குட்டு வெளிப்பட்டது: பல கடிகாரங்களின் பாகங்களைச் சேர்த்துப் பூட்டிய ஒட்டு வேலை அது. முன்னாள் ஊழியர்கள் மூவருக்கு அதில் பங்கு உண்டு என்று நிறுவனமே சொன்னது.

இதை வெறும் மோசடி என்று தள்ளிவிட முடியவில்லை. முள் மாறியிருக்கிறதா, உறைக்கு யாராவது பாலிஷ் போட்டார்களா என்று லென்ஸ் வைத்துத் துருவும் பழக்கம் நல்ல பழக்கம்தான். பழைய டயல்கள் ‘புதுப்பிக்கிறேன் பேர்வழி’களிடமிருந்து தப்பியது அதனால்தான். நம்மூரில் எச்.எம்.டி. பைலட் வாங்குகிறவர்கள்கூட, மறுபெயின்ட் அடித்த டயலைக் கண்டால் ஒதுக்கிவிடுகிறார்கள். ஆனால் பழுப்புக்கே லட்சக்கணக்கில் விலை என்று ஆனபிறகு, பழுப்பைத் தயாரிக்க ஆள் கிளம்பாமல் இருப்பார்களா?

பழுப்புக்காக அல்ல, துல்லியத்துக்காக வாங்குகிறோம் என்ற பேச்சு 1969இல் சீகோவின் குவார்ட்ஸ் அஸ்ட்ரான் வந்தபோதே முடிந்துவிட்டது. சுவிஸ் துல்லியச் சான்று பெற்ற இயந்திரக் கடிகாரம் நாளுக்கு நான்கு நொடி பிந்தலாம், ஆறு நொடி முந்தலாம். பிளாட்பாரக் கடை குவார்ட்ஸ் வாட்ச் அதைவிட ஒழுங்காக ஓடும்.

மிஞ்சுவது கைவேலை. சுவிஸ் கடிகாரக் கைவினைஞர் பிலிப் டுஃபூரின் ‘சிம்பிளிசிட்டி’ கடிகாரத்தைத் திருப்பிப் பாருங்கள். சக்கரங்களைத் தாங்கும் தகடுகளின் விளிம்புகள் சரிவாகச் சீவப்பட்டு, ஜென்ஷியன் என்ற மலைச்செடியின் தண்டால் தேய்த்து மெருகேற்றப்பட்டிருக்கும். இரண்டு சரிவுகள் உள்நோக்கிச் சந்திக்கும் மூலையில் சுழலும் கருவி வட்டமாகத்தான் வெட்டும். அங்கே ஊசிமுனைக் கூர்மை வேண்டுமானால் கையால் அரம் பிடிக்க வேண்டும். இதை ரசிக்கவும் பணம் கொடுக்கவும் ஆள் இருப்பதால்தான் இந்தத் தொழில் இன்னும் பிழைத்திருக்கிறது. சேகரிப்பாளர்களுக்கு எதிராக என்ன சொன்னாலும் இதை மறுக்க முடியாது.

சந்தையின் கண்ணோ முன்பக்கத்தில்தான் நிலைகுத்தி நிற்கிறது. 2021 டிசம்பரில் டிஃபனி நகைக்கடையின் நீல நிறத்தில் டயல் வைத்த படேக் பிலிப் நாட்டிலஸ் 65 லட்சம் டாலருக்கு ஏலம் போனது. பட்டியல் விலை ஏறத்தாழ 52,000 டாலர். உள்ளே ஓடுவது வழக்கமான நாட்டிலஸ் 5711 மாடலின் இயந்திரமேதான். (நற்பணிக்கான ஏலம் என்பதால் அந்த விலையில் கொஞ்சம் தர்மமும் கலந்திருந்தது.) நிறத்துக்கும், கடையின் பெயருக்கும், கிடைக்காது என்ற தவிப்புக்கும் கொடுத்த விலை அது. இதையும் ரசனை என்றே அழைக்கிறார்கள்.

டுஃபூரும் தப்பவில்லை. 2020இல் ஜெனீவா ஏலத்தில் ஒரு சிம்பிளிசிட்டி 10 லட்சம் பிராங்கைத் தாண்டியது. கைவேலைக்கு மரியாதை கிடைத்ததே என்று மகிழலாம். ஆனால் அந்த விலைக்கு வாங்கியவர் அதைக் கட்டிக்கொண்டு மழையில் நடக்கமாட்டார். சர்வீஸுக்கு அனுப்பவே யோசிப்பார். சாவி கொடுக்காமல் லாக்கரில் கிடந்தால் எண்ணெய் இறுகுமே என்று கேட்டால், அடுத்த ஏலத்தின் தேதியைச் சொல்வார்.